இரகசியம் காத்த பதினொருவர்

இரகசியம் காப்பது எப்படி என்று உலகத்துக்கே வகுப்பு எடுக்கத் தகுதியுள்ள ஊர் ஒன்றுதான் உண்டு. அது மன்னார்த் தீவின் வலம்புரித்துறை. பெரிய நாடுகள் உளவுத்துறை வைத்திருக்கின்றன, ஆயிரக்கணக்கில் ஆள் வைத்திருக்கின்றன, ஆனாலும் அவற்றின் இரகசியங்கள் மாதத்துக்கு ஒருமுறை பேப்பரில் வந்துவிடுகின்றன. எங்களிடம் இருந்தவை ஓர் இரும்பு அலுமாரி, ஒரு நீலத் திரைச்சீலை, பதினொரு பேர் கொண்ட ஒரு குழு. இவற்றை வைத்துக்கொண்டு நாங்கள் சாதித்ததை வருங்காலச் சந்ததி அறியவேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன்.

என் பெயர் அமிர்தநாயகம். வலம்புரித்துறை இளையோர் நல நிலையத்தில் முகாமைத்துவ உதவியாளர், மேற்படி இரகசியக் காப்புக் குழுவின் செயலாளர். இருபத்தாறு வருட சேவையில் என் கையால் ஒரு கடிதக் கோவைகூடத் தொலைந்ததில்லை. தொலைந்தவை எல்லாம் நான் லீவில் நின்ற நாட்களில் தொலைந்தவை.

எல்லாம் மேலிடத்திலிருந்து வந்த ஒரு சுற்றுநிருபத்தில் தொடங்கியது. பதினான்கு பக்கம். பதின்ம வயதுப் பிள்ளைகள் நிலையத்துக்குப் பயமில்லாமல் வரவேண்டும், எதையும் கேட்கவேண்டும், வந்ததும் கேட்டதும் வெளியே போகக்கூடாது, பிள்ளைக்கு ஒருவரால் ஆபத்து என்று தெரிந்தால் மட்டும் அன்றைக்கே சிறுவர் பாதுகாப்பு அதிகாரிக்கு அறிவிக்கவேண்டும் என்று அதில் இருந்தது. நான் அதற்கு ஒரு கோவை திறந்து, வெளியே சிவப்பு மையால் ‘இரகசியம்’ என்று எழுதி, எல்லாருக்கும் தெரியும்படி மேசையில் வைத்தேன்.

எங்கள் தாதி யசிந்தா மிஸ்ஸி அதை வாசித்துவிட்டு, இதற்குத் தானும் செவ்வாய்க்கிழமை வரும் வைத்தியரும் போதும், வேறொருவரும் தேவையில்லை என்றார். அனுபவம் குறைந்தவர். ஒரு விடயத்தை இரண்டு பேர் காப்பது பலமா, பதினொரு பேர் காப்பது பலமா என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த கணக்கு. எனவே ஊர்ப் பிரமுகர்களைக் கூட்டிக் குழு அமைத்தோம். மீனவர் சங்கத் தலைவர் வந்தார். ஓய்வுபெற்ற அதிபர் வந்தார். கருவாட்டு மொத்த வியாபாரி நௌஷாட் நானா வந்தார். முதல் கூட்டத்திலேயே அவர் ஓர் ஆழமான கேள்வியை எழுப்பினார்.

“காக்க வேண்டிய சாமான் என்னெண்டு தெரியாமல் நாங்கள் அதை எப்பிடிக் காக்கிறது?”

கேள்வி நியாயமானது என்று எல்லாரும் தலையாட்டினோம். ஆகவே நிலையத்துக்கு வரும் ஒவ்வொரு பிள்ளையின் விபரமும் மாதாந்தக் கூட்டத்தில் முழுமையாக வாசிக்கப்படும் என்று ஏகமனதாகத் தீர்மானித்தோம். யசிந்தா மிஸ்ஸியைக் குழுவில் சேர்க்கவில்லை. விடயம் தெரிந்தவர்கள் குழுவில் இருந்தால் பக்கச்சார்பு வந்துவிடும்.

குழுவின் உயிர்நாடி எங்கள் புரவலர். அலுமாரி அவர் தந்தது. திரைச்சீலை அவர் தந்தது. ஊருக்குள் ரியூட்டரி என்று ஒரு தனியார் வகுப்பு நடத்துகிறார். கணிதம் படிக்கிற பிள்ளை அவருடைய வாங்கில் இருந்து எழும்பாமல் சோதனைக்குப் போனதில்லை. பிள்ளைகளைப் பற்றி அவருக்குத் தெரிந்த அளவு எங்களில் ஒருவருக்கும் தெரியாது என்பதால், பாதுகாப்பு உபகுழுவுக்கு அவரையே தலைவராக்கினோம். நிலையத்திலிருந்து வெளியே போகும் எந்தக் கடிதத்திலும் உபகுழுத் தலைவரின் ஒப்பம் இருக்கவேண்டும் என்பது ஏழாம் விதி. அதை எழுதியவன் நான். இன்றைக்கும் அந்த வசனத்தில் ஓர் எழுத்துப் பிழை காட்ட முடியாது.

அடுத்தது பெயர்ப் பிரச்சினை. பதிவேட்டில் பெயர் எழுதக்கூடாது, இலக்கம்தான் எழுதலாம் என்று சுற்றுநிருபம் சொன்னது. நாங்களாக ஓர் இலக்கம் கொடுத்தால் பிள்ளைகள் மறந்துவிடுவார்கள். அடையாள அட்டை இலக்கம் நீளம். நான்தான் வழி கண்டுபிடித்தேன்: தகப்பனின் படகு இலக்கம். பிறந்த நாள்முதல் பார்த்த இலக்கம், ஒரு பிள்ளையும் மறக்காது. கட்டுக்கரைப் பக்கத்திலிருந்து வரும் கமக்காரப் பிள்ளைகளுக்கு உழவு இயந்திரத்தின் இலக்கம். வியாபாரக் குடும்பத்துப் பிள்ளைகளுக்குக் கடையின் தொலைபேசி இலக்கம்.

யசிந்தா மிஸ்ஸி தலையில் கை வைத்தார். இந்தக் கரையில் விடிய விடிய நேவிக்காரன் எழுதுவது அந்த இலக்கம், ஏலத்தில் கூவுவது அந்த இலக்கம், சங்கத்தில் கூப்பிடுவது அந்த இலக்கம், எழுத்துத் தெரியாத கிழவனுக்கும் அது தெரியும் என்றார். நான் பொறுமையாக விளங்கப்படுத்தினேன். பெயர் மனிதனைக் காட்டிக்கொடுக்கும். இலக்கம் படகைத்தான் காட்டும். படகுக்கு ஏது இரகசியம்? குழு கைதட்டியது.

அந்த மாதமே இரகசியம் காப்போம் என்று பிரமாணம் எடுத்தோம். அதைப் படம் பிடித்து நிலையத்தின் முகநூலில் போட்டோம். பின்னால் பதிவேடு திறந்தபடி இருந்ததாகச் சிலர் குறை சொன்னார்கள். படத்தைப் பெருப்பித்துப் பார்க்கிறவர்களுக்கு நாங்கள் பொறுப்பில்லை.

முதலில் வந்தவன் டிலோஜன். படகு இலக்கம் முந்நூற்று அறுபத்தாறு. முகப்பருவுக்கு வந்தான். பிள்ளைகள் கூச்சமில்லாமல் வருவதற்காகப் புரவலர் வாங்கித் தந்த ஒலிபெருக்கியில் “மூண்டு ஆறு ஆறு, திரைக்குப் பின்னால வரவும்” என்று அழைத்தேன். வெளியே மீன் வாங்க நின்ற பெண்கள் மரியாதையாக வழி விட்டார்கள். அவன் களிம்போடு வீட்டுக்குப் போய்ச் சேருவதற்குள் தாய்க்கு மூன்று பேர் மூன்று நோய்வருத்தம் சொல்லிவிட்டார்கள். மூன்றிலும் முகப்பரு இல்லை. ஆக, அவனுடைய உண்மையான வருத்தம் என்னவென்று ஒருவருக்கும் தெரியவில்லை. இதைக் குழு முதல் வெற்றியாகப் பதிவு செய்தது.

அதே வாரத்து வியாழக்கிழமை கிருஷிகா வந்தாள். பதினேழு வயது, உயர்தரம் படிக்கிற பிள்ளை, கடற்றொழிலாளி எட்வேட்டின் மூத்த மகள். பாடசாலைச் சீருடையோடு வாசலில் நின்று உள்ளே வருவதா விடுவதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தைரியம் வரட்டும் என்று ஒலிபெருக்கியில் “நாலு ஒண்டு ஏழு” என்று கூப்பிட்டேன். ஓடி உள்ளே வந்துவிட்டாள்.

திரைச்சீலைக்கும் என் மேசைக்கும் இடையே மூன்று அடி. நான் முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டேன். காதுக்கு மூடி இல்லாதது என் பிழையல்ல. நாலு மாதமாக ஒருவர் வகுப்பு முடிந்த பிறகு அவளை மட்டும் மறித்து வைக்கிறார், தோளில் வைத்த கையை எடுக்கிறாரில்லை, பிள்ளைக்கு எழுதக்கூடாத வசனங்களைத் தொலைபேசியில் எழுதுகிறார், வெளியே சொன்னால் உன்னை ஆர் நம்புவார் என்று கேட்கிறார். இப்படி அரை மணித்தியாலம். இடையில் பெயரையும் சொன்னாள். மிஸ்ஸி எழுதினார். கடைசியில் அவள் கேட்டதை நான் அப்படியே தருகிறேன்.

“நான் இஞ்ச வந்தது அம்மாவுக்குத் தெரிய வேண்டாம் மிஸ்ஸி. தங்கச்சிக்குப் பதினைஞ்சு வயசு. ஜனவரியில அவளையும் அந்த வகுப்பில சேர்க்கப்போகினம். அதுக்கு முந்தி ஏதாவது செய்யுங்கோ. எனக்கு வேறொண்டும் வேண்டாம்.”

மிஸ்ஸி அன்றைக்கே கடிதம் எழுதிக் கையில் கொண்டுவந்து தந்தார். இப்போதே மாவட்டச் சிறுவர் பாதுகாப்பு அதிகாரிக்கு அனுப்புங்கோ என்றார். நான் ஏழாம் விதியைக் காட்டினேன். “அந்த ஆளிட்டயே ஒப்பம் வாங்கப் போறீங்களோ?” என்று கேட்டார். ஆளைப் பார்த்து விதி வளையுமென்றால் பிறகு எதற்கு விதி? சைக்கிளில் ஏறிப் போய்க் கடிதத்தைப் புரவலரிடம் நேரிலேயே கொடுத்தேன்.

அவர் இரண்டு தரம் வாசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “இது பாரதூரமான விசயம், அமிர்தநாயகம். நான் தனிய முடிவெடுக்கிறது சரியில்லை, குழுவில வைப்பம்” என்றார். தன்னைப் பற்றி எழுதிய கடிதத்தைத் தானே குழுவில் வைக்கச் சொல்லும் நேர்மையை நான் வேறெங்கும் கண்டதில்லை. திரும்பி வரும்போது எனக்கு மனம் கொஞ்சம் அந்தரப்பட்டது உண்மை. எதிர்க்காற்றில் சைக்கிள் மிதித்த களைப்பாக இருக்கலாம்.

சனிக்கிழமை விசேட கூட்டம். பதினொரு பேரும் வந்தோம். யன்னல்களைச் சாத்தி, தேநீர் கொடுத்து, நான் எழுந்து வாசித்தேன். இலக்கம் நானூற்றுப் பதினேழு என்றதும் நௌஷாட் நானா கையை உயர்த்தினார்.

“அது எட்வேட்டின்ர போட் எல்லோ. மூத்தவளோ இளையவளோ?”

மூத்தவள்தான் என்று சங்கத் தலைவர் உறுதிப்படுத்தினார். இளையவள் போன பெருநாளில் பூசையில் வாசகம் வாசித்தவள் என்று இன்னொருவர் ஞாபகப்படுத்தினார். அறிக்கை பூரணமாக இருக்கவேண்டும் என்பதால் பெற்றோர் பெயர், வீடு இருக்கும் ஒழுங்கை, படிக்கும் வகுப்பு எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன். பிறகு தொடர்ந்து வாசித்தேன். அந்த ஒருவருடைய பெயர் வரும் வரியில் முதல் எழுத்தை உச்சரித்திருப்பேன், ஓய்வுபெற்ற அதிபர் மேசையில் தட்டினார்.

“நிப்பாட்டும் காணும். ஒரு மனிசன்ர பேரை இப்பிடிச் சபையில சொல்லலாமோ? நாங்கள் எடுத்த பிரமாணம் என்ன?”

எல்லாரும் மின்விசிறியைப் பார்த்தோம். புரவலரும் பார்த்தார். அதிபர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. இரகசியக் குழு ஒன்று அப்பட்டமாக ஒருவரின் பெயரைப் போட்டு உடைக்கவிருந்தது. என் கையால் நடக்கவிருந்த பிழையை நினைத்து வெட்கப்பட்டேன். கடிதத்திலும் பதிவேட்டிலும் அந்தப் பெயருக்கு மேல் வெள்ளை மை பூசும்படி தீர்மானமாயிற்று. இரண்டு பூச்சுப் பூசினேன். மை காயும்வரை புரவலர் அந்தத் தாளைத் தன் கையாலேயே மின்விசிறிக்குக் கீழே பிடித்துக்கொண்டு நின்றார்.

பிறகு பிள்ளையின் பாதுகாப்பு. பெற்றோருக்கு அறிவிக்காமல் விடுவது பொறுப்பற்ற செயல் என்று புரவலர் அபிப்பிராயப்பட்டார். ஆனால் பிள்ளை நிலையத்தில் என்ன சொன்னாள் என்பதைச் சொல்லக்கூடாது, அது இரகசியம். வந்தாள் என்பதை மட்டும் சொல்லலாம். அதற்கு நான்கு பேர் போவதென்று முடிவாயிற்று. நிலையத்துக்கு வாகனம் இல்லாததால் புரவலர் தன் வானையும் சாரதியையும் தந்தார். தான் வருவது முறையல்ல என்று ஒதுங்கிக்கொண்டார். அவ்வளவு பக்குவம்.

எட்வேட் கடலுக்குப் போய் வந்து படுத்திருந்தார். வானைக் கண்டு அயலில் உள்ளவர்கள் வேலியடிக்கு வந்துவிட்டார்கள். கதிரை போட்டு எங்களை இருத்திய அவருடைய மனைவி மாக்கிறட்டிடம் நான் உத்தியோகபூர்வமாகச் சொன்னேன்.

“உங்கட மூத்த பிள்ளை எங்கட நிலையத்துக்கு வந்து போனவ. பயப்பிடாதேங்கோ, எல்லாத்தையும் இரகசியமா வச்சிருக்கிறம்.”

“என்னத்துக்கு வந்தவள்?”

“அதைச் சொல்ல ஏலாது அம்மா.”

“ஏதும் வருத்தமோ?”

“அதையும் சொல்ல ஏலாது.”

அந்தப் பெண் வேலியடியில் நின்றவர்களைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, “வேற ஏதுமோ, ஐயா?” என்று கேட்டாள். சொல்ல ஏலாது என்றேன். அவள் அப்படியே நிலத்தில் குந்திவிட்டாள். என் வாய்க்குள் ஒரு வார்த்தை வந்தது. பிள்ளையில் பிழையில்லை என்பதுதான் அது. ஆனால் அப்படிச் சொன்னால் பிழை யாரில் என்ற கேள்வி வரும். ஒன்று சொல்ல ஒன்று வெளியே வரும். ஆகவே விழுங்கிக்கொண்டேன்.

பொழுது படுவதற்குள் ஊர் மிச்சத்தை எழுதிவிட்டது. ஒரே கிழமையில் நிலையத்துக்கு வந்தவர்கள் இரண்டு பேர். ஒன்று நானூற்றுப் பதினேழு, மற்றது முந்நூற்று அறுபத்தாறு. கூட்டிப் பார்க்கப் பெரிய படிப்புத் தேவையில்லை. டிலோஜனின் தகப்பனும் எட்வேட்டும் கரையில் வைத்துக் கைகலந்தார்கள். வீட்டில் எட்வேட் மகளிடம் “ஆர் பெடியன்?” என்று மட்டும்தான் கேட்டாராம். பெடியன் இல்லை அப்பா என்று அவள் சொல்லத் தொடங்க, கையை ஓங்கினாராம். இதற்குமேல் அவளிடம் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. தொலைபேசியைப் பறித்து, அடுத்த நாள் முதல் பஸ்ஸில் கட்டுக்கரைப் பக்கம் மாமி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். படிப்பு அதோடு நின்றது. அவளோடு கதைத்தால் இளையவளும் கெட்டுப்போவாள் என்று தங்கையைக் கதைக்கவும் விடவில்லை.

யசிந்தா மிஸ்ஸி அனுபவம் குறைந்தவர் என்று முன்பே சொன்னேன். லீவு போட்டு, தன் காசில் பஸ் ஏறி, மாவட்டத்துக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அடுத்த கிழமையே சிறுவர் பாதுகாப்பு உத்தியோகத்தர் நிறஞ்சலா வந்து இறங்கினார். நேராக எட்வேட் வீட்டுக்குப் போனார். பிள்ளை ஊரில் இல்லை, ஒன்றும் நடக்கவுமில்லை, இனி இந்தப் பக்கம் வரவேண்டாம் என்று எட்வேட் படலையைச் சாத்தினார். அங்கிருந்து நிறஞ்சலா என்னிடம் வந்தார். பதிவேட்டை விரித்து, அந்த வெள்ளைத் திட்டில் விரலை வைத்தார்.

“மிஸ்ஸி ஒரு பேர் சொல்லுறா. அவ சொல்லுறது மட்டும் காணாது. நீங்கள் இதை வாசிச்சனீங்கள், பிள்ளை சொன்னதையும் கேட்டனீங்கள். இதுக்குக் கீழ ஆற்ற பேர் இருந்தது எண்டு எழுதித் தாங்கோ. மிச்சத்தை நான் பாக்கிறன்.”

ஒரு வரிதான் கேட்டார். பேனா என் கையில் இருந்தது. வெளியே புரவலரின் வான் நின்றது. வேறு ஏதோ அலுவலாக வந்திருக்கவேண்டும். குழுவின் நடவடிக்கைகள் அனைத்தும் இரகசியம் என்று நான் எழுதி, ஒப்பமிட்டு, முத்திரை குத்திக் கொடுத்தேன். அவர் அதை வாசித்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். இருபத்தாறு வருட சேவையில் என்னை அப்படி ஒருவரும் பார்த்ததில்லை.

நிலையத்தின் விடயத்தை வெளியாருக்குச் சொன்ன குற்றத்துக்காக யசிந்தா மிஸ்ஸியின் மேல் குழு முறைப்பாடு செய்தது. தூர இடத்துக்கு மாற்றம் வந்தது. எங்கள் இரகசிய விதிகளை மீறியதற்காகத் தண்டனை பெற்ற ஒரே ஆள் அவர்தான். போகிற அன்று பையைத் தூக்கிக்கொண்டு என் மேசைக்கு வந்தார்.

“ஜனவரி மூண்டாம் கிழமை கிருஷிகான்ர தங்கச்சி சுவேதினிக்கு வகுப்புத் துவங்குது அண்ணன். அதை மட்டும் உங்கட கோவையில எழுதி வையுங்கோ.”

எழுதி வைத்தேன். கோவைகளில் நான் அசட்டை செய்வதில்லை.

கிறிஸ்மஸுக்குப் பிறகு ஒரு விழா நடந்தது. ஒரு வருடமாக ஒரு முறைப்பாடும் பதிவாகாத நிலையம் என்று பாராட்டுப் பத்திரம் வந்தது. புரவலருக்குப் பொன்னாடை போர்த்தினோம். உண்மையில் கிருஷிகாவுக்குப் பிறகு ஒரு பிள்ளையும் எங்கள் வாசலை மிதிக்கவில்லை. இளைஞர்களின் ஆரோக்கியம் அவ்வளவு உயர்ந்துவிட்டது என்று அதிபர் பேசினார்.

ஜனவரி மூன்றாம் கிழமை, ஒரு பின்னேரம், சுவேதினி வந்தாள். பதினைந்து வயது. புதுக் கணிதக் கொப்பி இரண்டைக் கையில் வைத்திருந்தாள். நிலையத்துக்கு வரவில்லை, என்னிடம்தான் வந்ததாகச் சொன்னாள். இலக்கம் எதுவும் கேட்காமல் கதிரையைக் காட்டினேன். அவள் அதில் இருக்கவில்லை.

“அக்கா இஞ்ச வந்தவ எண்டு எல்லாருக்கும் தெரியும் அங்கிள். அவவைப் பற்றி எல்லாரும் எல்லாம் கதைக்கினம். ஆனா அவ டிலோஜனோட கதைச்சதே இல்லை, எனக்குத் தெரியும். போற அண்டைக்கு பஸ்ஸுக்கு ஏறேக்க, கவனமா இரடி எண்டு சொன்னவ. அதுக்குள்ள அப்பா இழுத்துக்கொண்டு போட்டார். ஆரோட கவனமா இருக்க வேணும் எண்டு சொல்லேல்ல.”

அவள் கொப்பிகளை மற்றக் கைக்கு மாற்றினாள்.

“வேறொண்டும் சொல்ல வேண்டாம் அங்கிள். அந்த ஆள் ஆரெண்டு மட்டும் சொல்லுங்கோ.”

ஒன்றை மறைக்க விரும்பவில்லை: என் மகளை அந்த இடத்தில் வைத்து நினைத்தேன். நினைத்துவிட்டு, பிரமாணத்தையும் நினைத்தேன், குழுவை நினைத்தேன், ஓய்வூதியத்துக்கு இருக்கும் மூன்று வருடத்தை நினைத்தேன். பிறகு, அன்பாகத்தான், பிள்ளை, அது இரகசியம் என்று சொன்னேன்.

“சரி அங்கிள்” என்றாள். சுவர் மணிக்கூட்டைப் பார்த்தாள். முதல் நாளே பிந்தினால் சேர் ஏசுவார் என்று சொல்லிவிட்டு, புரவலரின் ரியூட்டரிப் பக்கம் ஓடினாள்.

இதை வாசித்து முடித்த உங்களுக்கு இப்போது அந்த மூத்த பிள்ளையின் பெயர் தெரியும். வயது தெரியும், தகப்பனின் படகு இலக்கம் தெரியும், எந்தப் பக்கத்து மாமி வீட்டில் அடைந்து கிடக்கிறாள் என்பதும் தெரியும். தங்கையின் பெயரும் தெரியும். ஒருவருடைய பெயர் மட்டும் தெரியாது. அதுதான் வலம்புரித்துறையில் பதினொரு பேர் சேர்ந்து காத்த ஒரே இரகசியம். நான் இன்னும் காத்துக்கொண்டிருக்கிறேன்.